ஆடாமல் இருக்க ஒரு கை

“மைக்ரோவேவுக்குள்ள வச்சா நீயும் கேக் மாதிரி உப்பிருவியாம்மா?” என்று காலையில் மகள் கேட்டபோது சந்தனமாரி சிரித்துவிட்டாள். மார்பில் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோயா என்று பார்க்க, மைக்ரோவேவ் என்னும் நுண்ணலையால் படமெடுக்கும் மேசையில் குப்புறப் படுத்தபோது அந்தச் சிரிப்பு துணைக்கு வரவில்லை. முகத்துக்கு நேரே இருந்த துளை வழியே தரை மட்டும் தெரிந்தது. உடம்பு நடுங்கியது. “ஆடாதீங்கம்மா, படம் கலங்குது,” என்று தடுப்புக்கு அப்பாலிருந்து டெக்னீஷியன் மறுபடியும் சொன்னாள். அப்போது யாரோ சந்தனமாரியின் கையைப் பிடித்தார்கள். துளைக்குக் கீழே, வார் அறுந்து ஊக்கு மாட்டிய நீலச் செருப்பு வந்து நின்றது. “சூடே இருக்காது தாயி. நானே இப்பத்தான் வேகாம எந்திரிச்சு வந்தேன்,” என்றது ஒரு பெண்குரல். சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது, நடுக்கம் போனது, படம் தெளிவாக விழுந்தது. எழுந்து பார்த்தால் யாரும் இல்லை. மற்ற சோதனைகளும் முடிந்த பிறகு டாக்டர், “வெறும் நீர்க்கட்டிதான்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க,” என்றார். முருகனுக்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டாள். நீலச் செருப்புக்காரிக்கும் சொல்ல வேண்டும் என்று பெஞ்சு பெஞ்சாகக் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காணோம். படமெடுத்த அறையைத் தாண்டும்போது, “ஆடாதீங்கம்மா,” என்ற குரல் மறுபடியும் கேட்டது. சந்தனமாரி செருப்பை வாசலிலேயே கழற்றினாள். சத்தமில்லாமல் உள்ளே போய், மேசையிலிருந்து தொங்கிய கையைப் பிடித்தாள். “நானும் இதுல படுத்தவதான் தாயி. கேக் மாதிரியெல்லாம் உப்பல.” கைக்குள் அந்தக் கை மெல்ல அடங்கியது. படம் முடிந்து அந்தப் பெண் தலையைத் தூக்குவதற்குள், வாசலில் செருப்பும் இல்லை, சந்தனமாரியும் இல்லை.