கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும்

ஒரு பெண்மணியின் வாயிலிருந்து வரப்போகும் ஒற்றை வார்த்தைக்காக ஒரு ஊரே காத்து நின்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பரிசோதகர் பார்த்தார். அணு உலையைச் சுற்றியுள்ள வீடுகளில் அந்தப் பெண்மணியின் வீடுதான் கடைசி. அவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே டிரைவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

“இன்னைக்கும் கேக்கலைன்னுதான் சொல்லும் சார், அந்தம்மா. வேணும்னே பண்ணுது. புருஷனை முழுங்கின ஆலையை யாராவது திறக்க விடுவாங்களா?”

“நீ வண்டியைப் பாரு.”

உலை வெடித்த விபத்துக்குப் பிறகு ஒரு விதி வந்திருந்தது. ஆபத்துச் சங்கு ஊதினால், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போதும் கடைசி வீட்டுக்குள் கேட்க வேண்டும். கருவி அளந்து சொன்னால் போதாது, அந்த வீட்டில் குடியிருப்பவரே ‘கேட்டது’ என்று வாயால் சொல்ல வேண்டும். விபத்தன்று கருவிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள்.

உலையைத் திரும்ப ஓட்டுவதற்கு மற்ற நிபந்தனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. புதுச் சுவர் எழுப்பியாயிற்று, புதுப் பம்புகள் வந்தாயிற்று. பாக்கி இந்த வீடு மட்டும். முதல் முறை ஊதியபோது அந்த அம்மா “கேக்கல” என்றாள். இன்னும் பெரிய சங்காக வைத்து ஊதினார்கள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், திரும்பி, “கேக்கல” என்றாள். கடைசியில் அவள் மதிலை ஒட்டியே ஒரு கம்பம் நட்டு, உச்சியில் சங்கைக் கட்டிவிட்டார்கள்.

அவள் கணவர் உலையில் ஃபிட்டர். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆலை வாசலில் அவள் நின்றிருந்தபோதுதான் வெடித்தது. அவர் வரவில்லை. அவள் டிபன் கேரியரோடு வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை என்று பக்கத்துத் தெருவில் சொன்னார்கள்.

இன்று கதவைத் திறந்தது மகன்.

“வாங்க சார். அம்மாகிட்ட பேசிட்டேன்.”

“சொல்லிக் குடுக்கக் கூடாது தம்பி. கேட்டாத்தான் கேட்டுச்சுன்னு சொல்லணும்.”

“சொல்லிக் குடுக்கல சார். ஆனா என் நிலைமையைப் பாருங்க. ஆலை மூடினதுலருந்து மாமனார் வீட்டுல உக்காந்து சாப்பிடுறேன். மாமியார் கரண்டியை வைக்கிற சத்தத்துலயே தெரிஞ்சுடும், இன்னும் எத்தனை நாளைக்குச் சோறுன்னு. திறந்தாங்கன்னா நாளைக்கே எனக்கு ஷிப்டு.”

பரிசோதகருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து மகனின் ஆலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகன் அவள் நாற்காலியைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். “வெளிச்சம் பத்தாது சார் அவங்களுக்கு.”

கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். பரிசோதகர் போனில், “ஊதுங்க” என்றார்.

டிரைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜீப்புக்குள் சுருண்டார். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரே கூச்சலாக எழும்பிப் பறந்தன. சங்கு அடங்கியதும் பரிசோதகரும் மகனும் உள்ளே போனார்கள்.

“அம்மா, சங்குச் சத்தம் கேட்டுச்சா?”

அவர் கேட்டு முடிக்கும்வரை அவள் கண் அவர் வாயை விட்டு நகரவில்லை. ஏதோ பொய்யைப் பிடிக்கப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. பிறகு அவள் மகனைப் பார்த்தாள். மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள்.

“கேட்டுச்சு” என்றாள், கொஞ்சம் உரக்கவே. “நல்லாவே கேட்டுச்சு. கம்பியில இருந்த காக்கா எல்லாம் எழும்பிப் போச்சே.”

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பரிசோதகர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

“மனசு இறங்கிடுச்சு பாத்தீங்களா சார்?” திரும்பும்போது டிரைவர் சொன்னார். “எத்தனை நாளைக்குத்தான் வீம்பு பிடிக்கும்? பெத்த பிள்ளை வந்து நின்னா முடிஞ்சுது.”

மறுநாள் காலை உலை ஓடத் தொடங்கியது. பொத்தான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மகன் முதல் ஷிப்டுக்குப் போனான். வெயில் ஏறுவதற்குள் ஒரு குழாயில் கசிவு என்று சங்கு ஊதினார்கள். ஊர் பஸ்களில் ஏறியது. எல்லோரும் கிளம்பிவிட்டார்களா என்று பார்ப்பது பரிசோதகரின் வேலை.

ஜீப் கடைசி வீட்டுக்கு வந்தபோது தெரு காலியாக இருந்தது. மதிலோரக் கம்பத்தில் சங்கு விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அந்த அம்மா முதுகைக் காட்டி நின்று, கொடியில் ஒரு போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா!” என்று கத்தினார். திரும்பவும் கத்தினார். அவள் போர்வையின் ஓரத்தை நிதானமாக நீவிவிட்டாள். அவர் ஓடிப்போய்த் தோளைத் தொட்டார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் வாயைப் பார்த்தாள். பிறகு மின்கம்பியை அண்ணாந்து பார்த்தாள். நேற்று பறந்த காக்கைகள் திரும்பி வரவேயில்லை.

“ஐயா, சங்கு ஊதுதா?”