முதல் பக்கம் எங்கே?

மோர்டன் நகரில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் குலசேகரம், சோபாவின் ஒரு முனையில் அவர் மனைவி சந்திரவதனா, மறுமுனையில் மகன் டெனுசன். கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில், கோட்டைக்கூடக் கழற்றாமல் சவிரிமுத்து.

டெனுசன் டென்மார்க்கில் ஐஸ் ஹொக்கி கோல்கீப்பர். ஆறு வருடம் விளையாடியவனைப் போன கிழமை கழகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது, இன்னொரு அடி பட்டால் முழுக்கப் போய்விடும் என்று யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சடித்து மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். கழகம் கண்ணைச் சோதித்தது. எழுதியிருந்தது உண்மை.

அந்தக் கடிதம் இப்போது மேசையில் கிடந்தது. அதன் தலையில் பேனாவால் போட்டிருந்த குறியைக் கழகத்தார் இரண்டு என்று வாசித்து, முதல் பக்கம் எங்கே என்று தேடினார்களாம். டெனுசனும் அப்படித்தான் நினைத்திருந்தான். சந்திரவதனாதான் கண்டவுடன் சொன்னாள்.

"இது பிள்ளையார் சுழியெல்லோ."

அப்படியென்றால் எழுதியது தமிழ் ஆள். கண் விஷயம் தெரிந்த தமிழர், அவனைத் தவிர, இந்த அறையில் இருந்த மூன்று பேர்தான்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதை, விளையாடு எண்டு சொன்னது அப்பா," என்றான் டெனுசன். "விடு, விடு எண்டு கரைச்சல் தந்தது நீங்கள், சவிரி மாமா."

எட்டு வயதில் உள்ளூர்ப் பனித்திடலில் அவனுக்கு ஸ்கேட்டிங் பழக்கியவர் சவிரிமுத்து. இன்றும் அதே திடலில் பிள்ளைகளுக்குக் கோல் காக்கப் பழக்குகிறார், வேறு தொழில் தெரியாது.

"விடச் சொன்னனான்தான். எழுதேல்லை," என்றார். பிறகு குலசேகரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெனுசன் நம்பவில்லை. ஒரு விளையாட்டுக்காரனின் கண்ணைக் காட்டிக்கொடுத்த ஆளிடம் பிள்ளைகளை விடக் கூடாது என்று திடல் நிர்வாகத்துக்கு இப்போதே தன் பெயரில் எழுத வேண்டும் என்றான். கவுன்சிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் தெருத் தமிழர் எல்லோருக்காகவும் கடிதம் எழுதுகிறவர் குலசேகரம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தாளின் தலையில் பேனாவை வைத்தார், எடுத்தார், கொஞ்சம் கீழே இறங்கித் தேதியில் தொடங்கினார். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. டெனுசன் வலது கண்ணைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கையெழுத்து வைத்தான். சந்திரவதனா குடிக்காத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள் திரும்பி வரவில்லை.

உறையை மூடி, முத்திரை ஒட்டி, தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்கு நடந்தார் குலசேகரம். சவிரிமுத்து பின்னால் வந்தார்.

"அண்ணை, நாங்கள் கடிதத்துக்கு மேல சிலுவையெல்லோ போடுறது."

குலசேகரம் உறையின் ஒட்டை இன்னொரு தரம் விரலால் அழுத்திப் பார்த்தார். பெட்டிக்குள் விட்டார். விழுந்த சத்தம் கேட்கும் வரை நின்றார்.

"எனக்குத் தெரியும், தம்பி. அவனுக்குத்தான் தெரியாது."