இன்ஷூர் செய்த பார்சல்

மண்டி மொஹல்லாவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் மல்லப்பன், கதவைத் திறந்த அன்னபூர்ணியிடம் மணியார்டரைக் காட்டினார்.

“ஜகதீசய்யருக்குங்க. மெட்ராஸ் நகைக்கடையிலிருந்து.”

“வெளியில போயிருக்கார். எதுக்கு வந்த பணம்?”

“செத்துப்போன சம்சாரத்தோட நகைங்களைப் பார்சல்ல அனுப்பி வித்தாருங்க. பழைய தங்கம், வழியில காணாமப் போயிடும், இன்ஷூர் பண்ணுங்கன்னு நான்தான் சொன்னேன். ‘போட்டிருந்தவளே போயிட்டா, இது போனா என்ன’ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டேதான் இன்ஷூர் பண்ணாருங்க.”

“அதுல தாலியும் இருந்துதா?”

“இருந்துச்சுங்க. கடைசியா அதை வச்சுத்தான் அரக்கு முத்திரை போட்டாரு. நீங்க அவருக்கு என்ன வேணுங்க?”

தசராவுக்குள் பாலிஷ் போட்டுத் தருவதாகக் கணவன் கழற்றி வாங்கிப்போன தாலிக்குப் பதிலாகக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை, அன்னபூர்ணி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“சமையலுக்கு இருக்கேன்.”