நடு முதுகில் ஐந்து அடி

இந்தக் காலத்தில் ஒருவன் அடி வாங்கினால் தடுக்க ஒரு நாதி கிடையாது. போனைத் தூக்கிப் படம் பிடிக்க மட்டும் ஆயிரம் கை. பெற்ற தாயே அதைச் செய்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டில் தொப் தொப்பென்று சத்தம். பால்கனியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவன் கைத்தடியோடு ஓடினேன். வராந்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

அப்பன்காரன் பிள்ளையைத் தொடைமேல் குப்புறப் போட்டு முதுகில் அறைந்துகொண்டிருந்தான். ஒரு வயசுப் பிள்ளை. சற்று முன்புதான் பால்கனிக் கம்பி வழியே கையை நீட்டி, நாலு பல்லும் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது அழக்கூட அதற்குத் திராணியில்லை.

தாய்க்காரி எதிரே நின்று போனை நீட்டிப் பிடித்திருந்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல்.

“பத்தாது! நடு முதுகுல, இன்னும் பலமா!”

“டேய் கொலைகாரப் பாவி! கதவத் தொறடா!” என்று கத்தினேன்.

யாரும் திறக்கவில்லை. எட்டி உதைத்தேன். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. தடியை ஓங்கி அவன் மண்டையில் ஒரு போடு போட்டேன்.

ரத்தம் புருவம் வழியாக இறங்கிப் பிள்ளையின் சட்டையில் சொட்டியது. அவன் நிமிரவேயில்லை. மறுபடி முதுகில் அறைந்தான்.

நானும் மறுபடி ஓங்கினேன். தாய்க்காரி பாய்ந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் பட்டது. தடி விழுந்துவிட்டது, அவள் கையில் இருந்த போன் விழவில்லை.

“அந்தப் பெரியவரைக் கிட்ட விடாதீங்க! நீங்க நிறுத்தாதீங்க சார். நாலு... அஞ்சு!” போனுக்குள் இருந்தவள் கத்தினாள்.

அஞ்சாவது அறையில் பிள்ளையின் வாயிலிருந்து என்னவோ தெறித்து விழுந்தது. நீலம் பாய்ந்திருந்த முகம் சிவந்தது. பிறகு வீடே அதிர ஓர் அழுகை.

“டாக்டரம்மா, மூச்சு வந்துருச்சு!” தாய்க்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க இருக்கா டாக்டரு?” என்றேன்.

“கண்ணு தெரியலையா தாத்தா? பாப்பாவோட சளிக்குக் கேக்கத்தான் டாக்டர வீடியோ கால்ல கூப்பிட்டோம். பேசிட்டு இருக்கும்போதே தொண்டையில அடைச்சு மூச்சு நின்னுருச்சு. அவங்க சொல்லச் சொல்லத்தான் இவர் தட்டினார். நீங்க வந்து அவர் மண்டையப் பொளந்துட்டீங்க!”

“விழுந்ததைக் காட்டுங்க” என்றாள் டாக்டர். தாய்க்காரி எடுத்துக் காட்டினாள். “இந்த வயசுல இதையெல்லாமா குடுப்பாங்க? யாரு குடுத்தது?”

“எங்க வீட்டுல இதை வாங்குறதே இல்லையே டாக்டர்!”

“சரி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. குழந்தையோட நெஞ்சைப் பார்க்கணும். அப்படியே சாரோட தலைக்கும் தையல் போட்டுக்குங்க.”

பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவளுக்கு என்ன தெரியும்? தடியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். வாசலைத் தாண்டியும் மனசு ஆறவில்லை.

“நாலு பல்லு முளைச்ச பிள்ளைக்கு ஒரு கடலைய மெல்லத் தெரியாதா?”