கட்டைவிரல் கணக்கு

சலூன்காரர் மருத்துவமனைச் சாய்வு நாற்காலியில் அசையாமல் இருக்கிறார். தானாக வெட்டி இழுக்கும் வலது தோளால் ஆறு மாதமாக அவர் சவரக்கத்தியைத் தொடவில்லை. கருவியை இயக்கும் பெண் எட்டு வடிவக் காந்தச் சுருளை அவர் தலைமேல் இம்மி இம்மியாக நகர்த்துகிறாள். ஒவ்வொரு 'டக்' சத்தத்துக்கும் ஒரு காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து மூளையைத் தட்டுகிறது. சரியான இடம் அகப்பட்டதும் அவருடைய கட்டைவிரல் துள்ளுகிறது. இழுப்புகளை எண்ண உட்கார்ந்திருக்கும் மனைவி கையிலுள்ள எண்ணியின் பொத்தானை உடனே அழுத்துகிறாள். "அக்கா, அது நான் ஆட்டினது. எவ்வளவு பலமா தட்டணும்னு பார்க்கத்தான். உங்க கணக்குல சேர்க்காதீங்க," என்கிறாள் கருவியை இயக்கும் பெண். "நான் சொன்னா கேட்காத கை, நீங்க தட்டினா மட்டும் ஆடுது," என்கிறாள் மனைவி. "சிரிக்க வைக்காதே, தலை அசையக்கூடாது," என்கிறார் அவர். சுருள் உச்சந்தலைக்கு மாறுகிறது. தோள் இழுப்பை அடக்கும் சிகிச்சை இனிதான்: நொடிக்கு ஒரு தட்டு, இருபது நிமிடம். சத்தம் நின்றதும் மனைவி எண்ணியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு அவர் தோளையே பார்க்கிறாள். முதல் நாள் பத்து நிமிடத்தில் நாற்பது இழுப்பு. பத்தாவது நாளான இன்று பதினொன்று. "கத்திக்கு அவசரமில்ல," என்கிறாள். "நாளைக்குக் கத்தரிக்கோலை எடுங்க." அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் வெறுங்காற்றில் விரிந்து மூடுகின்றன. இந்த முறை அவரே ஆட்டுகிறார்.