இன்றைய போட்டோ

பூபதி போட்டோவை இரண்டு விரல்களால் விரித்துப் பெரிதாக்கினான். ஒரு நிமிடம் அப்படியே பார்த்தான். கடைக்குள் யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை அழித்துவிட்டான்.

போன் அவனுடையது இல்லை, அவனுடைய அப்பா உத்திராபதியுடையது. செஞ்சிக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அவருக்குக் கண்ணாடி போட்டாலும் போனில் பொடி எழுத்து தெரியாது. ஜெர்மனியில் படிக்கும் மகள் வித்யாஸ்ரீ தினமும் அனுப்புகிற போட்டோவைப் பூபதிதான் திறந்து காட்டி, கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

தினம் ஒரு போட்டோ என்பது பாசத்தில் வந்த ஏற்பாடு இல்லை. அவலூர்பேட்டைச் சேரனோடு அவள் பழகியது தெரிந்த அன்று, இனி சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேரையும் வெட்டிவிடுவேன் என்று உத்திராபதி சொன்னார். சேரன் வேறு ஆட்கள். உத்திராபதி சொன்னதைச் செய்கிற மனிதர்.

பிரித்து வைக்கத்தான் மகளைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பினார். விடுமுறையில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று அவள் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாள் போட்டோ தவறினாலும் ஊருக்குத் திரும்பி அவனோடு இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார்.

இருபது நாளாகத் தவறாமல் வந்தது. ரோமில் படிக்கட்டு, வெனிஸில் படகு, ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள். இன்று வந்தது பிராக். கல் பாலம், வரிசையாகச் சிலைகள், மேலே வட்டமாக முழு நிலா, நடுவில் சிரித்துக்கொண்டு வித்யாஸ்ரீ. 'நேத்து ராத்திரி எடுத்தது நைனா' என்று எழுதியிருந்தாள்.

பொய். பூபதிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவள் பிராகில் இல்லை. அங்கே இல்லையென்றால் எங்கே இருப்பாள் என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை. இது சத்தமில்லாமல் முடிய வேண்டிய காரியம் என்று மட்டும் தோன்றியது.

"போட்டோ வந்துச்சாடா?" ஆணி நிறுத்துக்கொண்டே உத்திராபதி கேட்டார்.

"இன்னும் வரல நைனா."

வாசலில் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்துகொண்டிருந்தன. மாதா மாதம் இந்த நாளில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அம்மாவும் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள்.

ஆணி வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு, உத்திராபதி மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அவர் கத்தாமல் பேசினால்தான் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.

"அந்தப் பையன் வூட்ட ஒரு எட்டு பாத்துட்டு வா. பன்னண்டு மணிக்குள்ள போட்டோ வரலன்னா நானே வர்றேன்."

"நீ வர வேணாம் நைனா. நான் பாத்துக்கறேன்."

பூபதி பின்கட்டுக்குப் போய், கனமான ஏதோ ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். என்ன எடுத்தாய் என்று உத்திராபதி கேட்கவில்லை. கடையில் இருப்பது எல்லாமே இரும்புதானே. போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அவலூர்பேட்டையில் சேரன் குடியிருந்த வீடு தெருக்கோடியில் இருந்தது. பூபதி வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனான். கதவு ஒரே தள்ளில் திறந்துகொண்டது.

உள்ளே வித்யாஸ்ரீ நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் கதவைச் சாத்தியதையும், கை பைக்குள் போனதையும் பார்த்தாள். சேரன் வேலைக்குப் போயிருந்தான். கூப்பிட ஆள் இல்லை.

எல்லாவற்றையும் அவளே கொட்டிவிட்டாள். ஏப்ரலில் மூன்று வாரம் ஓடி ஓடி எல்லா ஊரையும் சுற்றினாளாம். ரயில் பாத்ரூமில் உடை மாற்றி மாற்றி, நாளுக்கு ஒன்றாக அனுப்ப ஐம்பது போட்டோ சேர்த்தாளாம். வந்து இறங்கியதும் பதிவுத் திருமணத்துக்கு இருவரும் மனு கொடுத்துவிட்டார்கள். முப்பது நாள் காத்திருக்க வேண்டும், இருபது முடிந்துவிட்டது.

"இன்னும் பத்து நாள்தான் அண்ணா," என்றாள். "அது வரைக்கும் எங்கள உயிரோட விட்டுடு."

பூபதி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, அவள் முன்னால் பேப்பரைப் பிரித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரையில் ஏதோ கனமாக உட்கார்ந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். புத்தம் புதிய பூட்டு. கூடவே இரண்டு சாவிகள்.

"சேரன் வேலைக்குப் போறப்ப முன்கதவ வெளியில பூட்டிக்கினு போவட்டும். ஆளில்லாத வூடுன்னு நெனச்சிக்குவாங்க. நீ பின்வாசல்ல புழங்கு."

வித்யாஸ்ரீ பூட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பூபதி மணி பார்த்தான். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"காலைல வந்தத நான் அழிச்சிட்டேன், நைனா பாக்கல. இப்பவே வேற ஒண்ணு அனுப்பு," என்றவன், அவளுடைய போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "நிலா இல்லாததா பாத்து அனுப்பு பாப்பா. இன்னிக்கு அமாவாசை."