பிளக்-இன் ஓடுது

கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு படியேறி வந்தான் துரோகி.

கௌஸ் பாஷா அவனை உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் படம் திறந்துகொண்டிருந்தது. அது முழுசாகத் திறப்பதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்தார்.

மூக்கண்டப்பள்ளியில் இருவரும் கூட்டாகத் தொடங்கிய ஸ்டூடியோ இது. போன வருஷம் சுடலைமுத்து உத்தனப்பள்ளி பக்கத்துக் கல்யாண ஆர்டர்களை வாரிச் சுருட்டிக்கொண்டு போய் ராயக்கோட்டையில் தனிக்கடை போட்டுவிட்டான். போகிற அன்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

"பாய், சொகமா இருக்கீயளா?" பத்து வருஷம் ஓசூர்த் தண்ணீர் குடித்தும் தெற்கத்திப் பேச்சு மாறவில்லை.

"நீ போனப்புறம் நல்லாத்தான் இருக்கேன். வந்த வேலையச் சொல்லு."

அவன் மைசூர்பாகை மேஜையில் வைத்தான். "புதுசா பென்டியம் டூ கம்ப்யூட்டர் வாங்குனேன் பாய். நம்ம முகம் கழுவுற பிளக்-இன் அதுல ஓட மாட்டேங்குது. அமுக்குனா போட்டோஷாப்பே மூடிக்கிடுது."

போட்டோஷாப்புக்குள் அந்தச் சின்னப் புரோகிராமைத் தட்டினால் போதும், முகத்துத் தழும்பும் எண்ணெய் வழிச்சலும் போய் மணப்பெண் பளிச்சென்று வருவாள். இருவரும் பிழைத்ததே அதை வைத்துத்தான்.

"உங்க புது மெஷின்ல ஓடுதுன்னு சொல்லுதாங்க. என்னால நம்ப முடியல."

"கண்ணால பாத்துட்டு நம்பு." கௌஸ் பாஷா பட்டனைத் தட்டினார். மணப்பெண்ணின் கன்னத்து அம்மைத் தழும்புகள் மெதுவாகக் கரைந்தன. சுடலைமுத்து வாயைப் பிளந்தான்.

"யாரு பாய் ஓட வச்சது?"

"திம்மராயன். பெங்களூர் போயி அவனே மெஷின வாங்கி, அவனே மாட்டிக் குடுத்தான். பழசை எடுத்துக்கிட்டான், கூலின்னு ஒண்ணும் கேக்கல. கூட்டாளின்னா அவன்தான்யா. சிலரு மாதிரி முதுகுல குத்தல."

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன நம்பித்தான் ஆவணி முகூர்த்த ஆர்டர் மொத்தமும் ஒத்துக்கிட்டேன். 'ரெண்டே நாளில் ஆல்பம்'னு வெளிய போர்டு வெச்சிருக்கேன், பாத்தியா? இந்த வாட்டி சொதப்பினா கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

ஆல்பம் எங்கே என்று நாலைந்து பேர் ஏற்கெனவே வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். படம் பெருசு, நேரம் பிடிக்கும் என்று அவர்களுக்குச் சொன்னதை இவனிடம் சொல்வதற்கில்லை.

"அந்த வழிய எனக்கும் கேட்டுச் சொல்லுங்க பாய். உங்க கால்ல விழுதேன்."

கௌஸ் பாஷாவுக்கு உள்ளே குளிர்ந்தது. "வழியும் இல்ல, மண்ணும் இல்ல. ஃப்ளாப்பியப் போட்டான், ஓடிச்சு. கைராசி!"

"ஒண்ணுமே மாத்தலியா?"

"ஒண்ணும் மாத்தல. ஏன், எரியுதா?"

சுடலைமுத்து திரையையே பார்த்தான். பிறகு மேஜைக்கடியில் குனிந்து, பளபளக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"நானும் பெங்களூர்ல விசாரிச்சேன் பாய். இந்த பிளக்-இன் கிளம்புறப்பவே சிப்போட வேகத்த அளந்து பாக்குமாம். இப்ப வார சிப்பு வேகம் அதோட கணக்குக்குள்ள அடங்காதாம். அதான் எல்லாத்துலயும் நின்னுபோவுதாம்."

"எல்லாத்துலயும் நிக்குதுன்னா என் மெஷின்ல மட்டும் எப்படிய்யா ஓடும்?"

சுடலைமுத்து நிமிர்ந்தான். முகத்தில் கேலி இல்லை.

"இது புது மெஷின் இல்ல, பாய்."